ரெண்டு பானையும் ஒரு பாட்டிலும்

ஜூன் மாதம் கடையம் பக்கம் போயிருக்கிறீர்களா? தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, மலையின் காலடியில் இருக்கிற ஊர். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் இங்கேயும் சாரல் முகத்தில் வந்து அடிக்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மாதம்தான். கடைகளில் புத்தகப் பை, குடை, அப்புறம்... கொத்துக் கொத்தாகத் தொங்கும் தண்ணீர் பாட்டில்கள்!

நீலம், ரோஸ், பொம்மை ஒட்டியது, ஸ்ட்ரா வைத்தது, பொத்தானைத் தட்டினால் மூடி துள்ளித் திறப்பது. "எக்கா, இது பி.பி.ஏ. ஃப்ரீக்கா!" என்பார் கடைக்காரர். 'ஃப்ரீ' என்றதும், கூட ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று பக்கத்தில் நிற்கிற ஆச்சி நினைத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்.கே.ஜி. போகிற பிள்ளைக்கு எந்த பாட்டில் வாங்குவது? இதெல்லாம் ஒரு விஷயமா என்கிறீர்களா? விஷயம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எதிலிருந்து தண்ணீர் குடிக்கலாம் என்கிற கேள்வி, இதே தாமிரபரணிச் சீமையில் ஒருமுறை தமிழக அரசியலையே புரட்டிப் போட்டிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், கடையில் நின்று என்ன கேட்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

1918 டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920 வரை இங்கேதான் வாசம். அந்தக் காலத்தில் தண்ணீர் கொண்டுபோக நம்மவர்களிடம் என்ன இருந்தது? வசதியானவர்களிடம் பித்தளைக் கூஜா. பனையேறிகளிடமும் சாமியார்களிடமும் சுரைக்குடுக்கை. உலகத்தின் முதல் தண்ணீர் பாட்டில் இந்தச் சுரைக்காய்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். சமைத்துச் சாப்பிடுவதைவிட, காயவைத்துக் குடைந்து பாத்திரமாக்குவதற்காகவே மனிதன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அதை வளர்க்க ஆரம்பித்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவசரத்துக்கு, பதநீர் குடிக்க மடிக்கிற பனையோலைப் பட்டை இருக்கவே இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்? சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். தாகம் எடுத்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு பானை இருக்கும். மண்பானை. அதன் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கரன்ட் கேட்காத ஃப்ரிட்ஜ்!

ஆனால் அந்தப் பானையிடம் எல்லாப் பிள்ளைகளும் போக முடியாது. அங்கேதான் வில்லங்கம்.

உலோகப் பாத்திரத்தில் 'தீட்டு' பட்டுவிட்டால் புளி போட்டுத் துலக்கி, தணலில் காட்டி, எடுத்து வைத்துக்கொள்வார்கள். மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மண்பானைக்கு அந்தச் சலுகை கிடையாது. 'வேறு' கை பட்டால் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டியதுதான். அதனால், பானையைக் காப்பாற்றப் பிள்ளையைத் தள்ளி நிறுத்தினார்கள்.

மகாராஷ்டிரத்தில் சாத்தாராவில் படித்த ஒரு சிறுவனுக்குப் பள்ளிக்கூடக் குழாயைத் தொட அனுமதி இல்லை. பியூன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் வராவிட்டால் அன்றைக்குத் தண்ணீரே கிடையாது. பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதிவைத்த அந்தச் சிறுவனின் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

அது எங்கேயோ வடக்கே என்று நினைக்க வேண்டாம். கீழக்கடையம் ஸ்டேஷனில் திருநெல்வேலி ரயில் ஏறுங்கள். ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டினால் சேரன்மாதேவி. மொத்தம் முப்பது கிலோமீட்டர் சுமார் இருக்கும்.

புதுச்சேரியில் பாரதியோடு ஒன்றாக இருந்தவர் வ.வே.சு. ஐயர். லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போய், புரட்சிக்காரராகத் திரும்பி வந்தவர். திருக்குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக நம் பிள்ளைகளுக்கு நாமே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்பது அவருடைய கனவு. 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து, பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது அவருடைய குருகுலம். படிப்போடு உடலுழைப்பும் உண்டு. பல சாதிப் பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, 5,000 ரூபாய் கொடுத்தும் விட்டது. அன்றைக்கு அது பெரிய பணம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிராமணப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேரைத் தனியே வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று அவர்கள் வீட்டில் கேட்க, ஐயரும் சம்மதித்தார். சாப்பாடு தனி என்றால் தண்ணீர் மட்டும் பொதுவாகவா இருக்கும்? அதுவும் தனி.

அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவன் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன். பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்துவிட்டான். அதற்காக அடிபட்டான். பெரியார் மேடை மேடையாகச் சொல்லிவந்த சம்பவம் இது. அப்போது அவர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர், தமிழ்நாடு காங்கிரஸின் முக்கியத் தலைவர்.

ஒரு வாய்த் தண்ணீர். அதற்கு அடி!

விஷயம் வெளியே வந்ததும் மாகாணமே கொதித்தது. ஊர்ப் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் ரெண்டு பானையா என்று கேட்டார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போனது. 1925-ல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம், குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் மலைக்குப் போயிருந்தபோது, கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தவர், மகளோடு தானும் போய்விட்டார். மாற்றுக் கருத்து வைத்திருந்தவர்களையும் கலங்கடித்த சாவு அது. நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்கப்புறம் தமிழக அரசியல் எந்தத் திசையில் போனது என்பது உங்களுக்கே தெரியும்.

அடிபட்ட பையனின் அப்பா என்ன ஆனார்? 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். கோயில் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்ட சட்டம் அந்த ஆண்டில் அவருடைய ஆட்சியில்தான் வந்தது.

இப்போது கடையில் தொங்குகிற அந்த பாட்டிலைத் திரும்பப் பாருங்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளை யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். யாரும் மேலேயிருந்து ஊற்ற வேண்டாம். 'நீ அந்தப் பக்கம் போ' என்று அதைத் தள்ளி நிறுத்த முடியாது. சொந்தத் தண்ணீர்! நூறு வருஷம் முன்னால் இது எத்தனை பெரிய விடுதலையாக இருந்திருக்கும், யோசியுங்கள்.

சரி, யார் குடிப்பது என்கிற கேள்வியைத் தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எதில் குடிப்பது? இங்கே வேறு ஒரு கதை காத்திருக்கிறது. இதில் குழந்தைகள் செத்தே போனார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியக் குழந்தைகளை மட்டும் குறிவைத்துத் தாக்குவதுபோல் ஒரு கல்லீரல் நோய் இருந்தது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள். வயிறு வீங்கும், ஈரல் கெட்டிப்படும், கொஞ்ச மாதத்தில் பிள்ளை போய்விடும். 'இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் நோய்' என்றே மருத்துவப் புத்தகங்களில் பெயர். எதனால் வருகிறது என்று பல காலம் பிடிபடவில்லை. செத்த பிள்ளைகளின் ஈரலைச் சோதித்தபோது அதில் செம்பு மண்டிக் கிடந்தது. பச்சைப் பிள்ளைக்குள் செம்பு எங்கிருந்து வந்தது?

புனே டாக்டர்கள் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்து டாக்டர் ஸ்டூவர்ட் டேனரும் வீடுகளில் போய்க் கேட்டார்கள். பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள்? விடை அடுப்படியில் இருந்தது. பித்தளைப் பாத்திரம்! தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாட்டுப்பாலும் எருமைப்பாலும் கொடுத்த வீடுகளில், பாலைப் பித்தளையில் காய்ச்சி அதிலேயே வைத்திருந்தார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அந்தச் செம்பைப் பால் இழுத்து வைத்துக்கொண்டது. 1983-ல் 'லான்செட்' இதழில் இந்தச் சந்தேகத்தை எழுதினார்கள். ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியிலும் இதே மாதிரி, செம்பு கலந்த பாத்திரத்தில் காய்ச்சிய பாலைக் குடித்த குழந்தைகள் 138 பேர் 1900-க்கும் 1974-க்கும் இடையில் செத்திருக்கிறார்கள் என்பது 1996-ல் வெளியானது. பரம்பரைக் காரணமும் கூடச் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள். ஆனால் வீடுகளில் பித்தளை போய் வேறு பாத்திரம் வந்ததும், அந்த நோய் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

அட, பித்தளைக் குடத்துத் தண்ணீர் நல்லது என்றுதானே பாட்டி சொன்னாள்? பாட்டி சொன்னதும் சரிதான். 2005-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில், பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் இருந்த வயிற்றுப்போக்குக் கிருமி வகையைச் சேர்ந்தவை 48 மணி நேரத்தில் அழிந்துபோனது உறுதியானது. கிருமியைக் கொல்வது அதே செம்புதான். தண்ணீரில் இறங்குவது துளியூண்டு. பாலிலும், மோரிலும், எலுமிச்சைச் சாற்றிலும் இறங்குவது வேறு அளவு. அதனால்தான் பெரியவர்கள் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசி வைத்தார்கள். அதுவும் வெள்ளீயம். காரீயம் அல்ல, அது விஷம். இரண்டையும் தனித்தனிப் பெயரால் பிரித்து வைத்த பாஷை நம்முடையது.

ஆக, நல்ல பாத்திரம், கெட்ட பாத்திரம் என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க முடியாது. அதில் எதை, எவ்வளவு நேரம், யாருக்காக வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இன்றைக்கு மறுபடியும் நாகரிகமாகியிருக்கிற செம்பு பாட்டிலுக்கும் இது பொருந்தும். தண்ணீர் மட்டும் வைப்பேன் என்று பெரியவர் ஒருவரால் கட்டுப்பாடாக இருக்க முடியும். நாலு வயசுப் பிள்ளையின் பாட்டில் அப்படியா? ஒருநாள் ஜூஸ், ஒருநாள் மோர், ஒருநாள் குளுக்கோஸ். அதனால் சின்னப் பிள்ளைக்குச் செம்பு வேண்டாம்.

பித்தளைக்கு மாற்று முதலில் சென்னையிலேயே தயாரானது. 1898-ல் சென்னை கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், கன்னார்களை வைத்து அலுமினியப் பாத்திரம் அடிக்க ஆரம்பித்தார். மலிவு, கனமில்லை. ஏழை வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது. ஆனால் புளிக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. அப்புறம் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் 1913-ல் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்கு நல்ல இரும்பு தேடப்போய், துருப்பிடிக்காத இரும்பைக் கண்டுபிடித்தார். நம் ஊருக்கு வந்ததும் அதற்கு 'எவர்சில்வர்' என்று பெயர் வைத்து, சீர்வரிசையில் உட்கார வைத்துவிட்டோம். 1980-களின் தொடக்கத்தில் சேலத்திலேயே ஆலை வந்துவிட்டது. புளியோ மோரோ, எவர்சில்வர் பெரிதாகச் சட்டை செய்யாது.

இத்தனைக்கும் நடுவில்தான் பிளாஸ்டிக் வந்தது. 1953-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமலே பாலிகார்பனேட்டைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவு, கீழே போட்டால் உடையாது. பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பால் புட்டி முதல் இருபது லிட்டர் தண்ணீர் கேன் வரை அதுதான்.

அதைச் செய்யப் பயன்படுகிற பொருளின் பெயர் பிஸ்ஃபினால் ஏ. கடைக்காரர் சொன்ன பி.பி.ஏ.! 1891-லேயே தயாரிக்கப்பட்ட ரசாயனம். பெண்களின் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் மாதிரியே இது நடிக்கிறது என்று 1930-களில் லண்டனில் கண்டுபிடித்துவிட்டார்கள். தெரிந்தும் பிறகு அதில் பால் புட்டி செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கெட்டியாகிவிட்டால் வெளியே வராது என்று நம்பினார்கள். சூடு பட்டால் வருகிறது. 2008-ல் கனடா பால் புட்டிகளில் இதைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. 2011-ல் ஐரோப்பிய யூனியன் தடை செய்தது. 2015-ல் இந்தியத் தர நிர்ணயமும் பால் புட்டிகளில் இதை விலக்கியது. 2024 டிசம்பரில் ஐரோப்பா, உணவு படுகிற பொருட்கள் பெரும்பாலானவற்றிலிருந்தே இதை நீக்க முடிவெடுத்தது.

அப்படியானால் 'பி.பி.ஏ. ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் நிம்மதியா? பாதி நிம்மதி. ஏ-வை எடுத்துவிட்டு அதன் பங்காளியான பிஸ்ஃபினால் எஸ் போட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள். பி.பி.ஏ. சம்பந்தமே இல்லாத பாலிபுரோப்பிலீன் புட்டிகள்கூட, வெந்நீர் ஊற்றினால் லிட்டருக்கு 1.6 கோடி வரை கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை உதிர்க்கின்றன என்று 2020-ல் டப்ளின் ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். துகள் உடம்பில் என்ன செய்யும் என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை நம் வீட்டுப் பிள்ளையை எதற்குப் பரிசோதனைக்கு விட வேண்டும்? சாரல் காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று வெந்நீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிற ஊர் இது. வெந்நீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. கூல்டிரிங்க்ஸ் காலி பாட்டிலும் அப்படித்தான். ஒரு தடவை உபயோகத்துக்கென்று செய்தது அது.

சரி, வரலாறு போதும். கடைக்குள் போவோம். எதைக் கேட்டு வாங்குவது?

எவர்சில்வர். அதுவும் 304 ரகமா என்று பாருங்கள். பதினெட்டு சதவீதம் குரோமியம், எட்டு சதவீதம் நிக்கல் கலந்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு போட்ட மலிவு ரகமும் உண்டு. சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள், இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். குடிதண்ணீர் பாட்டில்களுக்கு மத்திய அரசு 2023-ல் தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது.

அடுத்தது, கனம். 2020-ல் வந்த தேசியப் புத்தகப் பைக் கொள்கைப்படி, பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் பை கனக்கக் கூடாது. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை 18 கிலோ என்று வையுங்கள். மொத்தப் பையே 1.8 கிலோதான் இருக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. இதில் ரெட்டைச் சுவர் வைத்த சூடு தாங்கும் பாட்டிலின் கனமும் சேர்ந்தால், புத்தகத்துக்கு இடமேது? ஒற்றைச் சுவர், அரை லிட்டர். போதும்.

அப்புறம் வாய். பாட்டிலின் வாய் அகலமாக, உங்கள் கை இல்லாவிட்டாலும் பிரஷ்ஷாவது உள்ளே போகிற மாதிரி இருக்க வேண்டும். ஸ்ட்ராவும் வால்வும் ரப்பர் வளையமும் எத்தனை உண்டோ, அழுக்கும் பூஞ்சையும் ஒளிந்துகொள்ள அத்தனை இடம். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மூடியைப் பிள்ளையே திறந்து மூட வேண்டும். டீச்சர் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்கலாம் என்றால், அது அந்த சாத்தாரா பியூன் கதை மாதிரி ஆகிவிடும்!

தூக்கிக் குடிக்கச் சொல்லிக்கொடுங்கள். முன்னே அண்ணாந்து குடிக்கச் சொன்னதில் எச்சில் பற்றிய அக்கறையும் இருந்தது, சாதியும் ஒளிந்திருந்தது. சாதியைத் தள்ளிவிட்டு அக்கறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தூக்கிக் குடிக்கத் தெரிந்த பிள்ளை, பாட்டில் கொண்டுவராத பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுக்கலாம். "உன் பாட்டிலை யாருக்கும் கொடுக்காதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். சேரன்மாதேவிப் பானைக்கும் யாரோ ஒரு வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதைக் கடையில் கேட்க முடியாது, வீட்டில்தான் பார்க்க வேண்டும். அதே புத்தகப் பைக் கொள்கை இன்னொன்றும் சொல்கிறது. நல்ல குடிதண்ணீரைப் பள்ளிக்கூடமே கொடுக்க வேண்டும், பிள்ளைகள் சுமந்துகொண்டு வரவேண்டிய நிலை இருக்கக் கூடாது என்று. தண்ணீர் குடிக்க மறந்துபோகிற பிள்ளைகளுக்காகக் கேரளத்தில் 2019-ல் 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்த மணி வந்தது. ஆனால் பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மறந்துபோய்க் குடிக்காமல் இருப்பதில்லை. கழிப்பறை போக முடியாது என்பதற்காக, தாகத்தை அடக்கிக்கொண்டு வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கையில் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே கனக்கிறதா? குறை பாட்டிலில் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், குழாயையும் கழிப்பறையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.